கிணற்றுக்கும் ஓர் அப்பா

ஒரோமோ மொழியில் தகப்பனுக்கு 'அப்பா' என்றுதான் பெயர். நடுவில் வரும் எழுத்தை 'கம்பு' என்னும்போது வரும் ஒலிபோலச் சற்றுக் கனமாக அழுத்திச் சொல்வார்கள். தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது. எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் நீரியல் பாடம் எடுக்கப் போன புதிதில், கூட்டத்தில் யாரோ 'அப்பா' என்றால் சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுவேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்த மக்கள் இந்தச் சொல்லைத் தகப்பனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பொறுப்பானவர் அப்பா வர்ரா. ஊர்க் குடியிருப்புக்குப் பொறுப்பானவர் அப்பா ஒல்லா. கிணற்றில் தண்ணீர் முறையைக் கவனிப்பவர் அப்பா ஹெரேகா. ஒரு மக்கள் கூட்டத்தையே எட்டு ஆண்டுகள் நடத்துபவர் அப்பா கதா.

இந்தச் சொல்லின் முழு எடை எனக்குப் புரிந்தது திரே என்ற இடத்தில்.

எத்தியோப்பியாவில் மாநிலத்துக்குக் கீழே மண்டலம், மண்டலத்துக்குக் கீழே வொரெதா, அதற்கும் கீழே கெபெலே. வொரெதா என்பது ஏறத்தாழ நம் தாலுகாவும் ஒன்றியமும் சேர்ந்த மாதிரி. ஒரோமியா மாநிலத்தின் தென்கோடியில், கென்ய எல்லையை ஒட்டி, போரானா மண்டலம் இருக்கிறது. ஒரோமோ மக்களில் ஒரு பிரிவினர் போரானாக்கள். அதில் ஒரு வொரெதா திரே. தலைமை இடம் மேகா என்ற சிற்றூர். 1941 பிப்ரவரியில் இத்தாலியரிடமிருந்து தென்னாப்பிரிக்கப் படை பிடித்த ஊர் என்று போர் வரலாறு படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். மேகாவில் மேட்டுக் காற்று உண்டு. காலையில் பனிமூட்டம் இறங்கும். நான் அங்கே அதிக நாள் தங்கவில்லை. என் நாட்கள் துப்லுக்கில்தான் கழிந்தன. நான் போன காலத்தில் துப்லுக் திரேவுக்குள் இருந்தது. பின்னர் தனி வொரெதாவாகப் பிரிந்தது.

என்னைக் கூட்டிப்போனவர் என் வகுப்பு மாணவர். ஆடு மாடு மேய்த்து வளர்ந்தவர். நிலத்தடி நீர் ஓட்டம் பற்றி நான் பலகையில் வரைந்துகொண்டிருந்த ஒருநாள், வகுப்பு முடிந்து வந்து, "பர்சீசா, எங்கள் ஊர்க் கிணறுகளை நீங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்" என்றார். பர்சீசா என்றால் ஆசிரியர். மரியாதைக்கு அவர்களிடமும் பன்மைதான். 'நீ'க்கும் 'நீங்க'ளுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. எனக்கு அவர் எப்போதும் 'நீங்கள்'தான். நானும் அவரை அப்படித்தான் அழைப்பேன்.

அடிஸ் அபாபாவிலிருந்து மொயாலே போகிற நெடுஞ்சாலையில் இரண்டு நாள் பயணம். ஹவாசா தாண்டி, தில்லா பக்கம் வந்தால் மலையெல்லாம் பச்சை. காப்பிச் செடிகள், அவற்றுக்கு நிழலாக வாழைபோலவே தோன்றும் என்செத். அந்தப் பசுமையைப் பார்த்துக்கொண்டே தூங்கிப் போய்விட்டேன். விழித்தபோது நாடே மாறியிருந்தது. செம்மண், முள் நிறைந்த வேலமரங்கள், அவற்றின் நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே புகைபோக்கிபோல எழுந்து நிற்கும் கறையான் புற்றுகள். யாபெல்லோ பிரிவைத் தாண்டித் தெற்கே போகப்போக மரங்கள் விலகி, வானம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரோமோவில் வானத்துக்கும் கடவுளுக்கும் ஒரே சொல்: வாக்கா. அந்தச் சாலையில் போனபோது அது ஏனென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

போரானா சமவெளியில் ஆண்டுக்கு 400 முதல் 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். திரேவில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு எதுவும் கிடையாது. ஆண்டை அவர்கள் மழையால் நான்காகப் பிரிக்கிறார்கள். மார்ச் முதல் மே வரை கன்னா, பெருமழைக் காலம். ஜூனிலிருந்து அதோலேசா, மழையில்லாத குளிர்ந்த மாதங்கள். அக்டோபர், நவம்பரில் ஹகய்யா என்ற சிறுமழை. அதன் பின் போனா, கொடும் வறட்சி. கன்னா வந்தால் பள்ளங்களிலும் குட்டைகளிலும் தண்ணீர் நிற்கும். மாடுகள் எங்கும் பரவி மேயும். குட்டை வற்றினால் ஆழமில்லாத அதாதிக் கிணறுகளுக்கு வருவார்கள். அதுவும் வற்றிய பிறகு இருக்கவே இருக்கிறது துலா, ஆழ்கிணறு. துலாக் கிணறுகள் கூட்டம் கூட்டமாக ஒன்பது இடங்களில் உள்ளன. 'துலா சல்கான்' என்பார்கள், ஒன்பது துலாக்கள். துப்லுக் அவற்றில் ஒன்று; வெப், காயோ, மேல்பானா என்று மற்றவை. எந்திரம் எதுவும் இல்லாத காலத்தில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து முப்பது மீட்டர் வரை இறக்கியிருக்கிறார்கள். தோண்டியவர் யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பல நூற்றாண்டுக் கிணறுகள் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

நாங்கள் துப்லுக் போய்ச் சேர்ந்தது போனாக் காலத்தில். விடியற்காலை கிணற்றடிக்குப் போனோம். கிணறு என்றால் ஒரு வட்டச் சுவரும் கீழே இருட்டும் என்று எண்ணிப் போனவன் நான். அங்கே தரையில் ஒரு பெரிய வெட்டு இருந்தது. இரண்டு பக்கமும் மண்சுவர்கள் உயர, நடுவே சரிவான நீண்ட பாதை நிலத்துக்குள் இறங்கிச் செல்கிறது. இரண்டு மாடுகள் ஒட்டி ஒட்டி நடக்கத்தான் இடம். அந்தப் பாதையின் கடைசியில், தரைமட்டத்துக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் கீழே, தண்ணீர்த் தொட்டி. அதற்கு நானிகா என்று பெயர். தொட்டிக்குப் பின்னால்தான் உண்மையான கிணறு, செங்குத்தாகக் கீழே போகிறது. அதன் சுவரில் அங்கங்கே மரக்கட்டைகளைச் செருகிப் படிபோலச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையிலும் ஓர் ஆள். அடியில் நிற்பவர் மொண்டு மேலே கொடுக்கிறார். அடுத்தவர் வாங்கி அதற்கு மேலே. வெற்று வாளி அதே வேகத்தில் கீழே இறங்குகிறது. அன்று பதினான்கு பேர் நின்றார்கள். முன்னெல்லாம் இந்த வாளி ஒட்டகச்சிவிங்கித் தோலில் செய்ததாம், ஒகோலே என்று பெயர். நான் பார்த்தவை பெரும்பாலும் பிளாஸ்டிக் கேன்களை வெட்டிச் செய்தவை.

பாட்டு தொடங்கியபோது நான் பாதையின் மேல் விளிம்பில் நின்றிருந்தேன். ஒருவர் ஒரு வரி எடுக்க மற்றவர்கள் அடியிலிருந்து வாங்கிப் பாடினார்கள். கை மாறும் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தாளம். மாட்டைப் புகழ்கிற பாட்டு என்றார் மாணவர். எந்த மந்தையின் முறையோ, அந்த மந்தையைப் புகழ்ந்து பாடுவார்களாம். ஏற்றப்பாட்டை வயதானவர்கள் வாயால் கேட்ட கடைசித் தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தண்ணீர் இறைக்கும் உடம்புக்குப் பாட்டு எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என்னை அசைத்தது மாடுகள். மேலே நூற்றுக்கணக்கில், மூன்று நாளாகத் தண்ணீர் காணாத மாடுகள், ஈர வாசனை மூக்கில் ஏற நின்றுகொண்டிருந்தன. ஒன்றும் முண்டியடிக்கவில்லை. கூப்பிட்ட பிறகு ஒரு பகுதி இறங்கியது, குடித்தது, திரும்பி வந்தது, அடுத்த பகுதி இறங்கியது.

மூன்று நாளுக்கு ஒருமுறைதான் என்பதை நான் முதலில் பஞ்சக் கணக்கு என்று நினைத்துவிட்டேன். அது மேய்ச்சல் கணக்கு. புல் கிணற்றிலிருந்து தூரத்தில் இருக்கிறது. தினமும் தண்ணீருக்கு வந்தால் கிணற்றைச் சுற்றியுள்ள நிலம்தான் மேய்ந்து மொட்டையாகும். மூன்றாம் நாள் வந்தால் போதும் என்றால், ஒரு நாள் நடை தூரத்தில் உள்ள புல் வரை மாட்டை விடலாம். போரானா மாட்டின் திமிலும் உடற்கட்டும் இந்த நடைக்குப் பழகியவை. கறவை மாடுகளைக் கன்றுகளோடு ஊர்ப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள், அது வர்ரா மந்தை. காளைகளும் வற்றிய மாடுகளும் வாலிபர்களோடு தொலைதூரம் போகும், அது ஃபோரா. நிலத்தடி நீர் பற்றி இருபது ஆண்டுகள் பாடம் எடுத்தவன் நான். ஒரு கிணற்றின் முறையை வைத்து அதைச் சுற்றியுள்ள பல மைல் புல்லைக் காக்க முடியும் என்று எந்தப் பாடத்திலும் நான் சொன்னதில்லை.

சரி, இந்த முறையை வகுப்பது யார்? அவர்தான் அப்பா ஹெரேகா. அன்று ஒரு வேலமரத்தடியில் கையில் கோலுடன் உட்கார்ந்திருந்தார். அவரிடம் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. இன்றைக்கு யார், நாளைக்கு யார், யார் வீட்டில் ஆள் குறைவு, யாருடைய மாடு தூரத்திலிருந்து வருகிறது, எல்லாம் தலைக்குள். ஒவ்வொரு துலாவுக்கும் கோன்ஃபி என்று ஒருவர் உண்டு: அந்தக் கிணற்றை முதலில் தோண்டியவர் அல்லது தூர்ந்ததைத் திரும்ப எடுத்தவர், அவருக்குப் பின் அவர் வழியில் வந்தவர். கிணறு அவருடைய கோசாவின், அதாவது குலத்தின் பெயரில் நிற்கும். முறையில் அவருக்கும் அப்பா ஹெரேகாவுக்கும் முன்னிடம். அதற்குப் பிறகு அதே கோசாவினர், அதற்குப் பிறகு உறவு வழியாகவும் உழைப்பு வழியாகவும் இடம் கேட்டு வருகிற மற்றவர்கள். தூர் வாரவும் இறைக்கவும் ஆள் அனுப்பாத வீட்டுக்கு முறையில் மதிப்பு இராது. தகராறு வந்தால் கிணற்றுக்கென்றே கூடும் சபை தீர்க்கும்.

நான் அவரிடம் கேட்ட கேள்வி இப்போது நினைத்தாலும் கூசுகிறது. "தண்ணீருக்கு என்ன விலை?" என்றேன். மாணவர் மொழிபெயர்க்கத் தயங்கினார். நான் வற்புறுத்தவே மெதுவாகச் சொன்னார். கிழவர் கோபப்படவில்லை. கிணற்றைக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். முதலில் குடியுங்கள் என்று கையால் சைகை செய்தார். தாகத்தோடு வந்த மனிதனுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது, காசு வாங்கவும் கூடாது. முறை என்பது மந்தைக்குத்தான் என்று மாணவர் பின்னால் விளக்கினார். அந்தத் தண்ணீரில் லேசான உவர்ப்பும் மண் மணமும் இருந்தன.

கிணற்றின் அப்பா கிணற்றை விற்க முடியாது. அவருக்குக் கிடைப்பது முன்னிடமும், ஊர் உறங்கும்போது விழித்திருக்கிற வேலையும். 'உரிமையாளர்' என்று நான் அதுவரை எழுதிவந்த சொல்லை அதற்குப் பிறகு கிணறுகள் விஷயத்தில் என்னால் எளிதாக எழுத முடிந்ததில்லை.

அப்பா கதா விஷயமும் இப்படித்தான். ஒரோமோ மக்களின் ஆட்சி ஒழுங்கான கதா முறையில் ஆண்கள் வயதுக்கும் தலைமுறைக்கும் ஏற்ப எட்டெட்டு ஆண்டுப் படிகளாக நகர்கிறார்கள். ஆளும் படிக்கு வந்த அணி எட்டு ஆண்டு ஆளும். எட்டாம் ஆண்டு முடிவில் அடுத்த அணியிடம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். கைமாற்றும் அதிகாரத்துக்கு அவர்கள் சொல்லும் சொல் பாலி, இறகு என்று பொருள். போரானாவில் குரா ஜார்சோ 2017-இல் பொறுப்பேற்று 2025-இல் குயோ போருவிடம் ஒப்படைத்தார். குயோ 72-ஆவது அப்பா கதா. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை காயோ கிணற்றடியில் கூமி காயோ என்ற பெருஞ்சபை கூடும். சட்டங்களை அங்கே திரும்பச் சொல்லி, தேவையானால் திருத்துவார்கள். பெரிய சபை கூடுவதற்கும் அவர்கள் கிணற்றடியைத்தான் தேர்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 2016-இல் யுனெஸ்கோ கதா முறையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊரில் பெண்களுக்கு இந்தப் படிகளில் இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு கட்டுவது பெண்கள், பால் பெண்கள் கையில், ஆனால் சபையில் அவர்கள் குரல் பக்கவாட்டிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அது எனக்கு உறுத்தியது; மாணவரின் அக்காவுக்கும் உறுத்துகிறது என்பது அவர் பேச்சில் தெரிந்தது.

அக்கா வீட்டில்தான் புனா கலா சாப்பிட்டேன். முழுக் காப்பிப் பழத்தை, உலர்ந்த தோலோடு, வெண்ணெயில் வறுக்கிறார்கள். வெடிக்கும் சத்தம் வரும்போது ஆசி சொல்கிறார்கள். நகா, நகா என்று திரும்பத் திரும்ப வரும். அமைதி என்று பொருள். மாட்டுக்கு நகா, பிள்ளைக்கு நகா, மழைக்கு நகா. பிறகு அந்தக் கொட்டையை வாயிலிட்டு மெல்ல வேண்டும், வெண்ணெயை உடம்பில் தடவிக்கொள்வதும் உண்டு. காப்பி பிறந்த நாட்டில் காப்பியை மென்று சாப்பிட்டது அன்றுதான். பால் வைக்கும் கலங்கள் நாரால் பின்னியவை. உள்ளே மரக்கொள்ளியால் புகை காட்டிப் பதப்படுத்துவார்கள். அந்தப் புகைவாசம் தயிரில் இறங்கியிருந்தது. இதித்து என்ற அந்தத் தயிரை நான் மூன்று முறை கேட்டு வாங்கிக் குடித்தேன்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. குறில் நெடிலும் இரட்டிப்பும் அறிந்த காதுக்கு ஒரோமோ அந்நியமாகப் படுவதில்லை. லஃபா என்றால் நிலம், லாஃபா என்றால் மென்மையானது. பதா என்றால் கெட்டது, பத்தா என்றால் மேட்டுநிலம். நான் ஒருநாள் மேட்டுநிலத்துக்காரர் ஒருவரிடம் அவர் ஊர் மிகக் கெட்டது என்று பாராட்டிவிட்டேன். அவர் பெருந்தன்மையோடு நடுவிலுள்ள ஒற்றெழுத்தை அழுத்திக் காட்டினார். இவ்வளவு செழிப்பான மொழிக்கு 1991-க்கு முன்பு பள்ளியில் இடமில்லை. மாணவரின் தகப்பனார் படித்த காலத்தில் வகுப்பில் அம்ஹாரிக் மட்டுந்தான். இன்று லத்தீன் எழுத்தில், குபே என்று பெயர் வைத்து, பிள்ளைகள் தாய்மொழியில் படிக்கிறார்கள். தன் பெயரைத் தன் மொழியில் முதலில் எழுதியது தன் மகன்தான் என்று அந்தத் தகப்பனார் சொன்னபோது முகம் மலர்ந்திருந்தது.

இரவில் அவரோடு வெளியே உட்கார்ந்து வானம் பார்த்தோம். போரானா நாட்காட்டி நிலவையும் நட்சத்திரத்தையும் வைத்து நடக்கிறது. பன்னிரண்டு மாதம், 354 நாள். நாட்களுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர்கள் இருபத்தேழு. இருபத்தேழு என்று கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்களுக்கும் நாளுக்கு நாள் நட்சத்திரப் பெயர் உண்டு, அதுவும் இருபத்தேழுதான் என்றேன். கிழவருக்கு அதில் ஆச்சரியம் இல்லை. நிலவு ஒன்றுதானே என்றார். கார்த்திகைக் கூட்டத்தை அவர்கள் பூசான் என்கிறார்கள், ரோகிணியைப் பக்கல்சா. இந்தக் கணக்கை மனத்தில் வைத்திருப்பவர்கள் அயாந்துகள். எந்த மாதம் எந்த நட்சத்திரத்தருகே நிலவு வருகிறது என்று பார்த்து நாள் சொல்வார்கள்.

மறுநாள் எல் சோத் போனோம். வட்டமான எரிமலைப் பள்ளம், விளிம்பிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் ஆழத்தில் கருத்த ஏரி. ஏரிக்குள் ஆண்கள் இறங்கி, காதிலும் மூக்கிலும் அடைப்பு வைத்துக்கொண்டு, அடியிலிருந்து உப்புச் சேற்றைக் கோலால் பெயர்த்து எடுக்கிறார்கள். கறுப்புச் சேறு மாட்டுக்கு, வெள்ளைப் பளிங்கு மனிதருக்கு. கழுதைகள் அதைச் சுமந்து செங்குத்தான பாதையில் மேலேறும். கென்யா வரை போகிற உப்பு. இறங்க எனக்கு முக்கால் மணி நேரம், ஏற ஒன்றரை மணி. உப்பில் நிற்கிறவர்களின் தோலையும் கண்ணையும் பார்த்தபின் அங்கே படம் எடுக்க மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் மாணவர் ஒரு பறவையைக் காட்டினார். சாம்பல் உடல், கண்ணைச் சுற்றி நீலத் தோல். போரானாவின் புதர்க் காகம். உலகத்தில் யாபெல்லோ, மேகா சுற்றுவட்டாரத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. சுற்றியுள்ள தாழ்நிலத்தைவிட இந்த மேட்டில் கொஞ்சம் குளிர்ச்சி அதிகம். அந்தக் குளிர்ச்சியின் எல்லைதான் இந்தப் பறவையின் எல்லை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். வெயில் கூடக்கூட அந்தக் குளிர்ச்சித் தீவு சுருங்கும்.

புல்லும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பு போரானாக்கள் காலம் பார்த்துப் புல்வெளிக்குத் தீ வைப்பார்கள். முட்புதர் அழிந்து இளம்புல் வரும். 1970-களில் அரசு அதைத் தடைசெய்தது. அதற்குப் பிறகு வேலமுள் மேய்ச்சல் நிலத்தை விழுங்கத் தொடங்கியது. நிலத்தை மனப்பாடமாக அறிந்தவர்களைக் கேட்காமல் தலைநகரில் எழுதிய ஒரு வரி இத்தனை வருடம் முள்ளாக முளைத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நான் ஊர் திரும்பி சில ஆண்டுகள் கழித்து, 2020 கடைசியில் ஹகய்யா பொய்த்தது. அடுத்த கன்னாவும் பொய்த்தது. அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள். போரானாவில் மாடுகள் லட்சக்கணக்கில் மடிந்தன. துலாக்களில் தண்ணீர் முற்றாக வற்றவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு மேய்வதற்குப் புல் இல்லாமல் போனது. நாலாபக்கமிருந்தும் மந்தை இழந்த குடும்பங்கள் துப்லுக் ஓரம் வந்து துணியும் கோணியும் போர்த்திய குடிசைகளில் தங்கின. நான் பாட்டுக் கேட்டு நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய முகாம். மாணவர் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியர். தொலைபேசியில் பேசும்போது நகா சொல்லித்தான் தொடங்குவார். மாட்டைப் பற்றி நான் கேட்கும்வரை அவராகச் சொல்ல மாட்டார். ஒருநாள் கேட்டேன். எழுபது உருப்படி இருந்த வீட்டில் மூன்று மிஞ்சியது என்றார். அடுத்த மாதம் கேட்டபோது ஒன்றுமில்லை.

2023 மார்ச்சில் மழை வந்தது, வெள்ளமாகவே வந்தது. அதற்குப் பின் பூசா கோனோஃபா கூடியது. மாடு இழந்து நிற்கும் குடும்பத்துக்கு அதன் கோசா கூடி, மிஞ்சியவர்களிடமிருந்து உருப்படி எடுத்துத் தரும் பழைய ஏற்பாடு. கடன் இல்லை, வட்டி இல்லை, திருப்பித் தரச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் எல்லார் பட்டியும் காலியான ஆண்டில் எதை எடுத்து யாருக்குக் கொடுப்பது? சபை நான்கு நாள் நடந்ததாம். ஐந்து மாடு கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று கொடுத்தார்கள். மாணவரின் தகப்பனாருக்கு ஒரு கிடேரி கிடைத்தது, வெள்ளை நிறம்.

கடந்த போனாவில் மாணவர் எனக்கு ஒரு ஒலிப்பதிவு அனுப்பினார். வாளி மாறும் சத்தம், இடையில் பாட்டு. குரல்களை எண்ணிப் பார்த்தேன், எட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. ஒற்றைக் கிடேரியை எப்படித் தண்ணீருக்கு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். சிற்றப்பா மந்தையோடு சேர்த்து மூன்றாம் நாள் முறையில் ஓட்டுகிறார்களாம். தகப்பனாரால் கட்டையில் நின்று இறைக்க முடியாது, வயதாகிவிட்டது. ஆனாலும் முறை நாளில் விடிவதற்கு முன்பே கிணற்றடிக்குப் போய், அப்பா ஹெரேகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கிடேரி குடித்து மேலே ஏறி வரும்வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாராம்.